பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்தபோது தெரிந்தவை: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

ஐந்தாம் வகுப்பு மாணவியின் அம்மா:

2022 ஏப்ரலில் எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியில் மேலாண்மைக் குழுவைப் புதிதாக அமைத்தார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த என் பெயரைப் பக்கத்து வீட்டு அக்கா சொல்லிவிட்டார். மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. குழுவில் 20 பேர், அதில் 15 பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்று டீச்சர் வாசித்தார். என்ன வேலை என்று எனக்குப் பிடிபடவில்லை. முதல் மூன்று கூட்டங்களிலும் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

நான்காவது கூட்டத்துக்கு முந்தின நாள் ராத்திரி மகளின் தண்ணீர் பாட்டிலைக் கழுவ எடுத்தால், காலையில் ஊற்றியது அப்படியே இருக்கிறது. மெல்ல விசாரித்தேன். கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லையாம். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கதவைப் பிடிக்க ஆள் கிடைக்காது என்று தண்ணீரே குடிப்பதில்லை. எத்தனை நாளாக என்றதற்கு, “பள்ளிக்கூடம் தொறந்ததுலேர்ந்து” என்றாள்.

மறுநாள் கூட்டத்தில் சுதந்திர தின விழாப் பந்தலைப் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நான் எழுந்து சொன்னேன். குரல் நடுங்கியது. சொல்லி முடித்ததும் இரண்டு அம்மாக்கள், “எங்க புள்ளையும் பாட்டில அப்படியேதான் கொண்டு வருது” என்றார்கள். தலைமையாசிரியை பந்தல் பேச்சை நிறுத்திவிட்டு அதைத் தீர்மானமாக எழுதினார். தச்சு வேலை பார்க்கும் ஒரு அப்பா சனிக்கிழமை வந்து இரண்டு கதவுக்கும் தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தார். அரை மணி நேர வேலை. அத்தனை மாதம் என் பிள்ளை தாகத்தோடு உட்கார்ந்திருந்தாள் என்பதை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு பிசைகிறது.

இப்படி உள்ளே போனதால் தெரியவந்த ஏதாவது ஒன்று உங்களுக்கும் இருக்கும். எழுதுங்கள்.

லோடு வண்டி ஓட்டும் அப்பா:

எங்கள் வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன். அது என்னோடு வண்டியில் சுற்றும். பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் வருவதை நான் பார்க்கும்போது இரவு பத்து, பதினொன்று ஆகிவிடும். போன வருஷம் கலைத் திருவிழாவில் பையன் பறை அடித்து வட்டார அளவுக்குப் போனான். போட்டி எத்தனை மணிக்கு, எங்கே என்ற செய்தி காலையில் வந்திருக்கிறது. நான் ஓசூர் பக்கம் லோடு இறக்கிக்கொண்டிருந்தேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் யாரோ ஒருவர் வந்திருந்தார்கள், அவனுக்கு யாரும் இல்லை. வீட்டுக்கு வந்தவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த வாரம் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வகுப்பு ஆசிரியரைப் போய்ப் பார்த்தேன். என் மனைவிக்கு வாசிக்கத் தெரியாது சார், போனும் அவளிடம் இல்லை என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. இப்போது கடைசி பீரியடில் பிள்ளைகளே அறிவிப்பைத் தங்கள் நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். பையன் வாசிக்க, அவள் அடுப்படியில் இருந்தபடி கேட்கிறாள். போன மாதக் கூட்டத்துக்கு அவள் தனியாகவே போய்விட்டு வந்து என்னிடம் விவரம் சொன்னாள்.

காலை உணவு சமைக்கும் அம்மா:

நான் மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர். என் பையனும் அதே தொடக்கப் பள்ளியில்தான் படிக்கிறான். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் தொடங்கி மற்ற ஊர்களின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரித்தபோதுதான் எங்கள் ஊருக்கு வந்தது. அன்றிலிருந்து விடியற்காலையில் எழுந்து போகிறேன். மணி அடிப்பதற்குள் பிள்ளைகள் சாப்பிட்டு, கை கழுவி, வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இரண்டாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. கிச்சடி என்றாலும் பொங்கல் என்றாலும் பாதிதான் சாப்பிடும், மீதியைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கும். வயிறு சரியில்லையோ என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சின்ன டப்பா ஒன்றைக் கொண்டு வந்து, “தம்பிக்கு எடுத்துட்டுப் போகலாமா ஆன்ட்டி” என்று கேட்டது. தம்பிக்கு மூன்று வயது. சாப்பாட்டைப் பள்ளியில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும், வீட்டுக்குக் கொடுத்தனுப்ப எனக்கு அனுமதி இல்லை. அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ முழுசா சாப்பிடு கண்ணு, தம்பிக்கு நான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா செங்கல் சூளை வேலை. வேறு மாவட்டத்திலிருந்து வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. அங்கன்வாடியில் சேர்க்க ஆதார் கேட்பார்கள், பையனுக்கு இன்னும் எடுக்கவில்லை என்று சும்மா இருந்துவிட்டார்கள். மறுநாள் நானே அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு அங்கன்வாடிக்குப் போனேன். டீச்சர் எங்களுக்குத் தெரிந்தவர். முதலில் பிள்ளை வந்து உட்காரட்டும், கார்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார். இப்போது அக்காவும் தம்பியும் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றாக வருகிறார்கள், வாசலில் பிரிந்து போகிறார்கள். அந்தப் பெண் தட்டைக் காலி பண்ணி என்னிடம் காட்டிவிட்டுத்தான் கழுவப் போகும்.

முன்னாள் மாணவர்:

2024இல் பள்ளி மேலாண்மைக் குழுவை மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்கள் 4 பேரையும் சேர்த்து 24 பேராக்கினார்கள். அதில் நான் ஒருவன். எங்கள் பள்ளியின் பின்பக்கச் சுற்றுச்சுவர் ஒரு மழையில் இடிந்து, மாடு உள்ளே வரும், ராத்திரி ஆட்கள் வந்து பாட்டிலை உடைத்துப் போடுவார்கள். திங்கட்கிழமை காலையில் கண்ணாடித் துண்டு பொறுக்குவதில்தான் பிள்ளைகளின் வாரம் ஆரம்பிக்கும். ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். மூன்று தடவை போன பிறகு, அப்படி ஒரு மனுவே வரவில்லை என்றார்கள். எங்களிடம் நகல் இல்லை.

அதற்குப் பிறகு கூட்டத்தில் தேதி போட்டுத் தீர்மானம் எழுதி, நகலை எடுத்துக்கொண்டு ஆகஸ்ட் 15 கிராம சபைக்குப் போனோம். நான் பேசினேன், பெரிதாக யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. கூட வந்திருந்த ஒரு அம்மா, மகன் காலில் கண்ணாடி குத்தித் தையல் போட்ட இடத்தைக் காட்டச் சொன்னார். பையன் காலைத் தூக்கிக் காட்டினான். சபை அமைதியாகிவிட்டது. அங்கேயே தீர்மானத்தில் ஏற்றினார்கள். இப்போது சுவர் பாதி எழும்பியிருக்கிறது, மீதிக்கு அலைந்துகொண்டிருக்கிறோம். தயவுசெய்து எதைக் கொடுத்தாலும் நகலில் சீல் வாங்கி வையுங்கள்.

ஐந்தாம் வகுப்பு மாணவியின் அம்மா:

காலை உணவு அக்கா எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊரிலும் சூளை இருக்கிறது. அங்கிருந்து எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்கள் என்று நாங்கள் கேட்டதே இல்லை. குழுவில் பெரும்பாலோர் பெற்றோர்தான். ஆனால் சூளையிலிருந்து ஒருவர்கூட இல்லை.

இன்னொன்று. எங்கள் கூட்டம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் வருகைப் பதிவுக்கான மதியப் போட்டோ எடுத்த பிறகுதான் கிளம்ப முடியும். அவர்கள் வந்து சேரும்போது நோட்டை மூடியிருப்பார்கள், கையெழுத்து மட்டும் மிச்சம். இந்த மாதம் அதை நான்கரைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன், தலைமையாசிரியை சரி என்று சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நானும் பக்கத்து வீட்டு அக்காவும் சூளைக்குப் போகிறோம். அங்கே பார்த்ததை வந்து எழுதுகிறேன்.