எடை குறைக்க எதை எண்ணுவது: கலோரியா, கார்பா?

தராசுமுள்
கார்பை, அதாவது மாவுச்சத்தையும் சர்க்கரையையும், நாளுக்கு 50 கிராமுக்குள் வைத்துவிட்டால் கலோரி பக்கமே திரும்ப வேண்டாம் என்று பசியாறி இன்னொரு இழையில் எழுதியிருக்கிறார். முதல் வாரத்திலேயே 2, 3 கிலோ இறங்குவதுதான் அவர் காட்டும் ஆதாரம். அதில் பெரும்பகுதி கொழுப்பே இல்லை. ஈரலிலும் தசையிலுமாக ஏறக்குறைய 400 முதல் 500 கிராம் கிளைகோஜன் (உடம்பு சேமித்து வைக்கும் சர்க்கரை) இருக்கும். ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். கார்பை வெட்டியதும் கிளைகோஜன் கரைகிறது, தண்ணீரும் கூடவே போகிறது. பழையபடி சாப்பிட்டால் ஓரிரு நாளில் இரண்டும் திரும்பி வந்துவிடும்.

இன்னொன்று. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 14 கிராம், 120 கலோரி. கார்ப் கணக்கில் அது பூஜ்யம். நாலு கரண்டி ஊற்றினால் 480 கலோரி, கார்ப் அப்போதும் பூஜ்யம்தான். எடை ஏன் நின்றுவிட்டது என்று கேட்பவர்களில் பலருக்கு ஓட்டை இங்கேதான்.

பசியாறி
தண்ணீர் விஷயம் சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனா "எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடுங்க"ன்னு நான் எங்கேயும் சொல்லலை. பசி அடங்கற வரைக்கும்னுதான் எழுதினேன். ரெண்டும் வேற வேற.

கலோரி எண்ணற உங்க முறையோட சிக்கல் என்னன்னா, அது காகிதத்தில் மட்டும்தான் துல்லியம். தினமும் 1200 கலோரிக்குக் கீழேதான் சாப்பிடறோம், எடை இறங்கலைன்னு சொன்னவங்களை 1992இல் ஒரு ஆய்வில் அளந்து பார்த்தாங்க. உண்மையில் சாப்பிட்டதை சராசரியா 47 சதவீதம் குறைச்சுச் சொல்லியிருந்தாங்க. லேபிளும் அப்படித்தான். அமெரிக்க விதிப்படி கலோரி 20 சதவீதம் வரைக்கும் கூடுதலா இருக்கலாம். 28 கிராம் பாதாமுக்கு 170ன்னு போட்டிருக்கும், 2012இல் மனிதர்களை வெச்சு அளந்தப்போ உடம்புக்குச் சேர்ந்தது 129 கலோரிதான், மிச்சம் செரிக்காமலே வெளியே போகுது. கார்ப்ல அப்படியில்லை. தானியம், கிழங்கு, பழம், பால், சர்க்கரை, பருப்பு. இந்த ஆறைப் பார்த்தாலே பெரும்பாலும் கணக்கு முடிஞ்சுது.

தராசுமுள்
1992 ஆய்வு காட்டுவது எண்ணுகிற முறையின் தோல்வி அல்ல, அளக்காமல் குத்துமதிப்பாக எழுதியதன் விளைவு. கலோரியைக் குறைத்து எழுதுகிற கை கார்பையும் குறைத்துத்தான் எழுதும்.

பெரிய பிழைகள் இரண்டே இரண்டு. முதலாவது, பச்சை எடையும் வெந்த எடையும் குழம்புவது. 100 கிராம் அரிசி சுமார் 360 கலோரி. அதே 100 கிராம் சோறு 130. சோற்றை எடைபோட்டுவிட்டு செயலியில் அரிசி என்று பதிந்தால் கணக்கு கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஏறும், தலைகீழாகப் பதிந்தால் அதே அளவு இறங்கும். இரண்டாவது, எண்ணெய். கரண்டியால் அளப்பதைவிட, பாத்திரத்தைத் தராசில் வைத்து பூஜ்யமாக்கிவிட்டு ஊற்றுங்கள், கிராமை 9ஆல் பெருக்குங்கள். இந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்தால் கீரையை எடைபோடாமல் விடலாம்.

முடிவில் எந்த வழியும் ஒன்றுதான் என்பதற்கு 2018இல் வந்த ஸ்டான்ஃபோர்ட் ஆய்வைப் பாருங்கள். 609 பேர், 12 மாதம். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ, கார்பைக் குறைத்தவர்கள் 6.0 கிலோ. பொருட்படுத்தும் அளவு வித்தியாசம் இல்லை.

பசியாறி
அந்த ஆய்வை நீங்க எடுத்தது நல்லதாப் போச்சு. அதில் ரெண்டு குழுவுக்கும் கலோரி இலக்கே கொடுக்கலை! சர்க்கரையையும் மைதா வகையையும் தவிருங்க, காய்கறி நிறைய சாப்பிடுங்கன்னுதான் சொன்னாங்க. எண்ணச் சொல்லாமலே கலோரி குறைஞ்சுது. நான் சொல்றதும் அதேதான்.

தராசுமுள்
ஒப்புக்கொள்கிறேன், ஆனால் கொழுப்பைக் குறைத்த குழுவுக்கும் எடை குறைந்ததே? அப்படியானால் கார்பில் தனி விசேஷம் இல்லை. அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் குழு 2021இல் வெளியிட்ட ஆய்வில், இஷ்டம்போல் சாப்பிடவிட்டபோது, கீட்டோ (கார்ப் மிகக் குறைந்த, கொழுப்பு மிகுந்த) உணவைவிட கொழுப்பு குறைந்த உணவில் நாளுக்கு 689 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். கார்ப் இன்சுலினைக் கூட்டும், இன்சுலின் கூடினால் பசி கூடும் என்ற வாதம் அங்கே நிற்கவில்லை.

பசியாறி
20 பேர், ஒவ்வொரு உணவும் ரெண்டே வாரம். கீட்டோவில் ரெண்டாவது வாரம் சாப்பிட்ட அளவு முதல் வாரத்தைவிடக் குறைஞ்சுதுங்கறதையும் சேர்த்துச் சொல்லணும்.

மருந்துக்கட்டு
இருவரும் ஒரு கூட்டத்தையே விட்டுவிட்டீர்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, கிளிமிபிரைடு, கிளிக்கிளசைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் அதே அளவில் மருந்தைத் தொடர்ந்துகொண்டு கார்பை மட்டும் வெட்டினால் சர்க்கரை தாழ்நிலைக்குப் போகும். மருந்தளவை மருத்துவர் மாற்றிய பிறகே தொடங்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற வேறு வகை சர்க்கரை நோய் மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு ஆபத்து வேறு: மிகக் குறைந்த கார்பில் கீட்டோஅசிடோசிஸ் (ரத்தத்தில் அமிலம் ஆபத்தான அளவு கூடுவது) வரலாம், அப்போது சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே இருக்கும். குமட்டல், மூச்சு வாங்குதல் வந்தால் குளூக்கோமீட்டரை நம்பி வீட்டில் உட்கார வேண்டாம்.

லேபிள் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்க லேபிளில் மொத்த கார்புக்குள் நார்ச்சத்தும் அடக்கம், அதைக் கழிக்கலாம். ஐரோப்பிய லேபிளில் ஏற்கெனவே பிரித்துத்தான் போடுவார்கள். மறுபடி கழித்தால் கணக்கு தப்பு. மால்டிடால் என்ற மாற்று இனிப்பைச் சேர்த்த 'சர்க்கரை இல்லாத' சாக்லேட்டுக்கு அதை முழுசாகக் கழிப்பதும் தப்பு, பாதி அளவாவது உடம்பில் சேரும்.

நடைவண்டி
மருந்து எதுவும் இல்லை. பெண், 40 வயது, 80 கிலோ, 160 செ.மீ. எங்கே தொடங்க?

தராசுமுள்
சும்மா இருந்தாலே உடம்பு நாளுக்குச் செலவழிக்கும் கலோரியைக் கணக்கிட மிஃப்லின் சூத்திரம்: எடை × 10, உயரம் × 6.25, இரண்டையும் கூட்டி, வயது × 5ஐக் கழித்து, பெண்ணுக்கு மேலும் 161 கழிக்க வேண்டும். 800 + 1000 − 200 − 161 = 1439. ஓரளவு நடமாட்டம் இருந்தால் 1.375ஆல் பெருக்க, சுமார் 1980. அதில் 500 குறைத்து 1480இல் தொடங்குங்கள். தினமும் காலையில் எடை பாருங்கள், ஆனால் 7 நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். மூன்று வாரம் சராசரி அசையாவிட்டால் இன்னும் 150 குறையுங்கள்.

பசியாறி
அந்த 150ஐ வெட்டறதுக்கு முன்னாடி புரதத்தைப் பாருங்கம்மா. கிலோவுக்கு 1.2 கிராம்னு வெச்சா உங்களுக்கு 96 கிராம். அதை மூணு வேளைக்குப் பிரிச்சு முதலில் தட்டில் வெச்சுட்டு, கார்பை 100 கிராமில் தொடங்குங்க. எடுத்ததும் 20க்குப் போகாதீங்க, உப்பும் தண்ணீரும் வேகமா வெளியேறி முதல் வாரமே தலைவலி, அசதின்னு விட்டுடுவீங்க. எண்ணெயெல்லாம் அளக்க வேண்டாம்.

தராசுமுள்
புரதத்தில் எனக்கும் சம்மதம், 100 கிராம் கார்பும் சரி. எண்ணெயை அளக்காமல் விடுவதை மட்டும் ஏற்க மாட்டேன். நடைவண்டி, முதல் இரண்டு வாரமாவது ஊற்றுவதைக் கிராமில் எழுதி இங்கே போடுங்கள், பிறகு பேசுவோம்.