மறு: இரண்டாவது இயங்குதளத்தை எடுப்பதற்குச் சொல் – 'ஒருதளமாக்கல்'?

மோல்மீன் ஐயாவுக்கும் மற்ற நண்பர்களுக்கும் வணக்கம். ஒரே கணினியில் விண்டோஸ், உபுண்டு (லினக்ஸ் வகை) என இரண்டு இயங்குதளங்கள் இருக்கும்போது, ஒன்றை எடுத்துவிடுவதற்குத் தமிழில் என்ன சொல் என்பதுதான் பேச்சு. அதில் வந்த கேள்வி இது:

> 'நிறுவல் நீக்கம்' என்று ஏற்கெனவே சொல் இருக்கிறதே, போதாதா?

போதாது என்பதுதான் என் கட்சி. செயலிகளுக்கு அது சரி. இயங்குதளத்தில் இருந்துகொண்டு செயலியைத் தூக்குகிறோம், அதற்கென்று பொத்தானும் உண்டு. ஆனால் உபுண்டுவுக்குள் இருந்தபடியே உபுண்டுவைத் தூக்க வழியில்லை. விண்டோஸிலிருந்தோ யுஎஸ்பியிலிருந்தோதான் எடுக்க வேண்டும். இல்லாத பொத்தானைத் தேடி அலுத்துப்போய் யாங்கோனில் எங்கள் கடைக்கு வரும் பிள்ளைகள் நிறைய.

அதோடு, எடுக்க வேண்டியது ஒரே இடத்திலும் இல்லை. போன வாரம் ஒரு தம்பி மடிக்கணினியோடு வந்தார். விண்டோஸின் வட்டு மேலாண்மையில் உபுண்டு வட்டுப் பகுதியை (வட்டில் உபுண்டுவுக்கென்று பிரித்த இடம், பார்ட்டிஷன்) அழித்துவிட்டு, வேலை முடிந்தது என்று மறுதொடக்கம் செய்திருக்கிறார். வந்தது கறுப்புத் திரை, இடது மூலையில் 'க்ரப்' (எந்த இயங்குதளத்தைத் திறப்பது என்று கேட்கும், உபுண்டுவோடு வரும் துவக்க நிரல்), பக்கத்தில் மினுக்கும் கர்சர். விண்டோஸும் போச்சு என்று முகமே வெளிறிவிட்டது. எதுவும் போகவில்லை. யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த துவக்க முறை) உள்ள கணினியில் க்ரப்பின் துவக்கக் கோப்பு, விண்டோஸின் துவக்கக் கோப்புகள் இருக்கும் அதே சின்ன இஎஃப்ஐ பகுதியில், 'உபுண்டு' என்ற கோப்புறையில் இருக்கும். மதர்போர்டு நினைவகத்திலும் அதே பெயரில் ஒரு பதிவு, பெரும்பாலும் துவக்க வரிசையில் முதலாவதாக. பயாஸ் அமைப்புக்குள் (யுஇஎஃப்ஐ கணினியிலும் பேச்சில் அப்படித்தான் சொல்கிறோம்) போய் விண்டோஸ் பூட் மேனேஜரை வரிசையில் மேலே ஏற்றினோம், விண்டோஸ் திறந்துகொண்டது. அப்புறம் உபுண்டு கோப்புறையை மட்டும் எடுத்தோம். (பக்கத்திலுள்ள மைக்ரோசாஃப்ட் கோப்புறையில் கை வைத்தால் அவ்வளவுதான்.)

ஆகவே முதலில் துவக்க வரிசையை மாற்ற வேண்டும், பிறகுதான் வட்டுப் பகுதியை அழிக்க வேண்டும். பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணை முன்பே எழுதி வைப்பது நல்லது, வரிசையை மாற்றினாலே கேட்கக்கூடும். காலியான இடத்தைச் சி வட்டோடு சேர்க்கும்போது பேட்டரியில் சார்ஜ் இருக்கட்டும். எங்கள் ஊர்க் கரண்டைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

மற்றச் சொற்களைப் பார்த்தால், 'இயங்குதள அழிப்பு' என்றால் அந்தத் தம்பி செய்ததுதான் நடக்கும். 'இரட்டைத் துவக்க நீக்கம்' என்றால் தேர்வுப் பட்டியலை மட்டும் மறைப்பதாகப் படுகிறது. கடையில் நாங்கள் சொல்வது 'கழற்று'. பர்மிய மொழியில் இன்ஸ்டால் செய்வதற்குத் 'தின்' என்பார்கள், ஏற்றி வைப்பது என்று பொருள். ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் "விண்டோஸைத் தின்னச் சொல்கிறார்களா?" என்று கேட்டார்! 'கழற்றல்' எனக்குப் பிடித்த சொல்தான், ஆனால் வன்பொருளைக் கழற்றுவதோடு குழம்பும்.

எனவே 'ஒருதளமாக்கல்'. வினையாக 'ஒருதளமாக்கு', இரண்டு இயங்குதளங்கள் உள்ளது 'இருதளக் கணினி'. வட்டுப் பகுதி, கோப்புறை, வரிசைப் பதிவு மூன்றும் இதில் அடங்கும். எந்த இயங்குதளத்தை எடுத்தாலும் பொருந்தும். 2025 அக்டோபர் 14-க்குப் பிறகு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு நின்றுவிட்டதால், விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸை வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்களே.

மாடிவீட்டை இடிப்பதுபோல் ஒலிக்கிறது என்று ஒருவர் தனிமடலில் கிண்டல் செய்தார். 'இணையதளம்' என்றால் யாரும் மாடி தேடுவதில்லையே, சூழல் பார்த்துக்கொள்ளும்.

வட்டுப் பகுதிக்குப் 'பகிர்வு' என்று எழுதுவதை விட்டுவிடலாமா என்பதையும் பேச வேண்டும். கோப்பைப் பகிர்வதோடு முட்டுகிறது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.