ஓபி (வெளிநோயாளர்) சீட்டில் வரும் சுருக்கங்களைத் தமிழில் என்னவென்று சொல்வது? ‘சீட்டுக்குறி’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

டாக்டர்கள் சீட்டில் எழுதும் ஆங்கிலச் சுருக்கங்களைத் தமிழில் என்னவென்று சொல்வது என்று மனநலக் கையேட்டுக்காகக் கேட்கப்பட்ட கேள்விக்கு மூன்று நாளாக வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். இதுவரை சுருக்கெழுத்து, குறுக்கம், அஃகுப்பெயர் (அஃகுதல் என்றால் சுருங்குதல்) என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. சுருக்கெழுத்து வேண்டாம். பெரம்பூர் பக்கம் தட்டச்சுப் பயிலகப் பலகைகளில் அந்தச் சொல் ஷார்ட்ஹேண்டுக்கு எப்போதோ உட்கார்ந்துவிட்டது. குறுக்கம் என்றால் மகரக்குறுக்கம், ஆய்தக்குறுக்கம் என்று இலக்கண வகுப்பு நினைவுக்கு வரும். அங்கே குறைவது ஒலியின் மாத்திரை, இங்கே குறைவது சொல். அஃகுப்பெயர் பொருத்தமான சொல்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் காலை எட்டு மணிக்கு ஓபி வரிசையில் நிற்கும் ஓர் அம்மாவுக்குக் கையேட்டின் தலைப்பே நாக்கில் தடுக்கினால் அவர் அதை மடித்துப் பையில் போட்டுவிடுவார்.

நான் தண்டையார்பேட்டையில் ஒரு மருந்துக்கடையில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். என் அண்ணனுக்கு இருமுனைக் கோளாறு, அளவு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்; அது வந்து இருபது வருடத்தைத் தாண்டிவிட்டது. ஆகவே சீட்டை வாங்கிப் படிக்கிற பக்கமும் தெரியும், சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பக்கமும் தெரியும்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அண்ணன் முதலில் பார்த்த மருத்துவமனையில் பிபிஏடி என்று எழுதியிருந்தார்கள், இருமுனை மனநிலைக் கோளாறு என்பதன் ஆங்கிலச் சுருக்கம். பிறகு வேறொரு இடத்தில் நடுவில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு பிபிடி (BPD) என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டோடு மூன்றாவது ஒருவரிடம் போனபோது அவர் அதை எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு என்ற வேறொரு நோயாகப் படித்துவிட்டார்; அதற்கும் அதே மூன்று எழுத்து. அரை மணி நேரம் அண்ணனின் சின்ன வயதைப் பற்றியும் உறவுகளைப் பற்றியும் கேட்டுக்கொண்டே இருந்தார், அண்ணனுக்கு எதற்கு என்றே புரியவில்லை. கடைசியில் இருமுனைக் கோளாற்றுக்குக் கொடுக்கும் லித்தியம் மருந்தின் பழைய அளவுப் பரிசோதனைக் காகிதங்களை எடுத்துக் காட்டிய பிறகுதான் நிலைமை சரியானது. இதுகூடப் பரவாயில்லை. இரண்டு வருடம் கழித்து என் அக்கா மகளுக்கு ஐந்தாம் மாத ஸ்கேன். அறிக்கையில் முதல் வரியிலேயே பிபிடி, பக்கத்தில் 4.7. மாமா சீட்டில் பார்த்த அதே எழுத்து. அவள் யாரிடமும் சொல்லவில்லை. நான்கு நாள் சாப்பிடாமல் அழுதிருக்கிறாள், குடும்ப நோய் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் வந்துவிட்டது என்று. அது குழந்தையின் தலையின் அகலம். இரண்டு பக்கவாட்டு மண்டை எலும்புகளுக்கு நடுவே உள்ள தூரம், 4.7 சென்டிமீட்டர், அந்த மாதத்துக்கு மிகச் சரியான அளவு. ஒரு வார்த்தை முழுதாக எழுதியிருந்தால் அந்த நான்கு நாள் இருந்திருக்காது.

இதனால்தான் ‘ஓசிடி (எண்ணச் சுழற்சி நோய்), பிடிஎஸ்டி (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்) எல்லாம் மக்களுக்குப் பழகிவிட்டன, தமிழ் எழுத்தில் அப்படியே எழுதினால் போதும்’ என்று கோவையிலிருந்து தோழர் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. காரணம் நம் எழுத்திலேயே இருக்கிறது. ஆங்கிலத்தின் இரண்டாவது எழுத்துக்கும் (B) பதினாறாவது எழுத்துக்கும் (P) தமிழில் ஒரே பி. நான்காவதுக்கும் (D) இருபதாவதுக்கும் (T) ஒரே டி. இருமுனைக் கோளாற்றைச் சிலர் இரண்டெழுத்தில் சுருக்குவார்கள், தமிழில் எழுதினால் பிடி. திகில் கோளாறு, பிடி. ஆளுமைக் கோளாறு, அதுவும் பிடி. மாத்திரையை இரண்டு வேளை சாப்பிடச் சொல்வதும் பிடி. நோயாளி என்பதைச் சுருக்கி எழுதுவதும் பிடி. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கு மூன்றெழுத்து, தமிழில் அது பிபிடி ஆகி மேலே சொன்ன மூன்றோடும் சேர்ந்துகொள்கிறது. ஆங்கிலத்திலேயே ஒரு சுருக்கத்துக்கு மூன்று பொருள். தமிழுக்குக் கொண்டுவந்தால் இன்னும் கூடுகிறது. கையேட்டில் சுருக்கங்களை ஆங்கில எழுத்திலேயே, சீட்டில் இருப்பது போலவே அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பார்த்து ஒப்பிடத்தானே அந்தப் பக்கம்.

சரி, அப்படியென்றால் தமிழிலேயே முதலெழுத்துகளை எடுத்துச் சுருக்கலாமே, கி.மு., மு.ப. எல்லாம் இல்லையா என்று ஒரு யோசனை வந்தது. எழுதிப் பார்த்தேன். மனச்சோர்வு, மனச்சிதைவு, மனப்பதற்றம், மனநலம், மனநிலை, எல்லாம் ‘ம’. ஈழத்து வழக்கில் உளநலம், உளமருத்துவம் என்று எழுதினால் எல்லாம் ‘உ’. முதலெழுத்து எதையும் பிரித்துக் காட்டவில்லை. தஞ்சாவூரைத் தஞ்சை என்று மரூஉவாக்கும்போது எல்லா ஊருக்கும் பொதுவான ‘ஊர்’ போய், அந்த ஊருக்கே உரிய முன்பகுதி நிற்கிறது. மனநோய்ப் பெயர்களில் பொதுவானது முன்னால் இருக்கிறது, தனித்தது பின்னால் இருக்கிறது. வெட்டுவதானால் தலைப்பக்கம்தான் வெட்ட வேண்டும்: சோர்வு, பதற்றம். ‘எனக்குப் பதற்றம் இருக்கிறது, அதற்கு மாத்திரை சாப்பிடுகிறேன்’ என்று கடையில் ஏற்கெனவே சொல்கிறார்கள். முழுச் சொல், மூன்று முதல் ஐந்து எழுத்து, யாரும் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

சுருக்கம் ஒட்டிக்கொண்டால் உள்ளே இருக்கும் பெயர் செத்துவிடும் என்பதை வடசென்னையில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வியாசர்பாடிக்குப் பக்கத்தில் எம்.கே.பி. நகர் என்று பேருந்தில் சீட்டு வாங்குகிறோம், அது மகாகவி பாரதி நகர். டி.எச். ரோடு என்பதில் திருவொற்றியூர் இருப்பதை அந்தச் சாலையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். இடத்தின் பெயர் மறைந்தால் பேருந்து தவறாது. ஒருவருக்கு இருக்கும் நோயின் பெயர் அவருக்கே தெரியாமல் மறைவது வேறு.

மதுரை ஐயா ‘குழூஉக்குறி என்ற பழைய சொல்லே இருக்கிறதே’ என்று எழுதியதுதான் எனக்கு இந்த இழையிலேயே மிகவும் பிடித்த மடல். பள்ளியில் தகுதி வழக்கு மூன்று என்று படித்தோம்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. குழூஉக்குறி ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் சொல்; பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் காரை என்பார்கள், வேடர் கள்ளைச் சொல்விளம்பி என்பார்கள். டாக்டர் ஒருவர் இன்னொரு டாக்டருக்கு டிஎஸ்ஹெச் என்று எழுதுவது இதே வகை. வேண்டுமென்றே தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டார் என்பதை நர்ஸும் அடுத்த டாக்டரும் உடனே பிடித்துக்கொள்வார்கள், பக்கத்தில் நிற்பவர்களுக்குத் தெரியாது. ஆனால் ஐயா, அதே எழுத்து சீட்டோடு வீட்டுக்கு வந்ததும் வேறு வேலை செய்யத் தொடங்குகிறது. குடும்பத்தார் அதை மங்கலமாக வைத்துக்கொள்கிறார்கள். இறந்தார் என்று சொல்ல வாய் வராமல் இயற்கை எய்தினார் என்கிறோமே, அது மாதிரி. எங்கள் பக்கத்தில் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயரே வசைச்சொல் ஆகிவிட்டது, 1794இல் தொடங்கிய மனநல மருத்துவமனைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதால். அங்கே தவறாமல் போய்வருகிறவர்கள் ‘அயனாவரம் போயிட்டு வரேன்’ என்பார்கள், இல்லையென்றால் மருத்துவமனையின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி ஐஎம்ஹெச் என்பார்கள். அந்த மூன்று எழுத்து அவர்களுக்கு ஒரு துப்பட்டி. சம்பந்தம் பேச வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது ‘ஓசிடி மாத்திரை போட்டியா’ என்று தங்கையைக் கேட்க முடிகிறது, எண்ணச் சுழற்சி நோய் மாத்திரை என்று கேட்க முடியாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நாம் கொடுக்கும் தமிழ்ச் சொல் அந்த மறைப்பைப் பிடுங்கிவிட்டால், சொல் எவ்வளவு தூயதாக இருந்தாலும் அதை யாரும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

அதனால் டாக்டர் எழுதுவது, வீட்டார் சொல்வது இரண்டையும் குழூஉக்குறி என்ற ஒரே சொல்லில் அடைக்க வேண்டாம் என்பது என் கருத்து. டாக்டர் எழுதுவதற்கு நான் முன்வைப்பது சீட்டுக்குறி. ஓபி சீட்டு, மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சீட்டு, எல்லாமே ஜனங்கள் வாயில் சீட்டுதான். அதில் இருக்கும் குறி சீட்டுக்குறி. கடைக்கு வந்த நாலைந்து பேரிடம் இந்தச் சொல்லை விளக்கம் இல்லாமல் சொல்லிப் பார்த்தேன், எல்லோரும் சீட்டில் விரலை வைத்து ‘இதுவா’ என்றார்கள். சீட்டு என்றால் ஏலச்சீட்டும் ஞாபகம் வரும், சீட்டுக்கட்டும் வரும், உண்மைதான். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு சீட்டு என்றால் யாருக்கும் குழப்பம் இல்லை.

சீட்டுக்குறிகளில் நோயின் பெயரைவிட அவசரமானவை மருந்துக்குறிகள். எஸ்ஓஎஸ் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தேவைப்பட்டால் என்று பொருள்படும் மூன்று லத்தீன் சொற்களின் முதலெழுத்து அது. காசிமேட்டிலிருந்து வரும் ஓர் அம்மா, மகனுக்குத் தூக்கம் வராத இரவுக்காகக் கொடுத்த மாத்திரையை மூன்று மாதம் பிரிக்கவே இல்லை. கப்பலில் உயிர் ஆபத்து வந்தால் அனுப்பும் சைகை என்று அவர் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். கடலுக்குப் போகிறவருக்கு அது நன்றாகத் தெரிந்த எழுத்து. ‘ஆபத்து வரலையே தம்பி, அதான் வச்சிருக்கேன்’ என்றார். பையன் மூன்று மாதம் சரியாகத் தூங்காமல் இருந்திருக்கிறான். ஹெச்எஸ் என்பதும் லத்தீன்தான், உறங்கும் வேளை. ஓடி என்றால் நாளுக்கு ஒரு தடவை. அதே எழுத்தை வேறு நாட்டவர் அளவுக்கு மீறி மருந்து சாப்பிட்டதற்கு எழுதுவதால், இணையத்தில் தேடிப் பார்த்துப் பயந்தவர்கள் உண்டு. இவற்றுக்கெல்லாம் புதுச்சொல் உருவாக்கவே வேண்டாம், வேளை இருக்கிறது. ஒருதரம், இருவேளை, மூவேளை, உறங்கும் வேளை, தேவைப்பட்டால். ‘ஒரு வேளை’ என்று மட்டும் போடாதீர்கள், இடைவெளி விடாமல் அச்சானால் ஒருவேளை சாப்பிடலாம் என்று ஆகிவிடும்.

இது நம்முடைய விருப்பம் மட்டும் இல்லை என்பதையும் கையேட்டில் ஒரு வரி சேர்க்கலாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, நோய் என்ன, சிகிச்சை என்ன என்ற தகவலை நோயாளி தனக்குப் புரிகிற மொழியில், புரிகிற வடிவில் பெறும் உரிமையைக் கொடுக்கிறது. 25ஆம் பிரிவு தன் மருத்துவப் பதிவுகளைப் பார்க்கும் உரிமையைக் கொடுக்கிறது. பதிவைக் கையில் வாங்கிப் பார்த்தும் நான்கு சீட்டுக்குறி தவிர எதுவும் புரியவில்லை என்றால் அந்த உரிமை பாதியில் நிற்கிறது. நல்ல பெயருக்கு ஒரு முன்மாதிரியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: 2022இல் வந்த 14416 என்ற மனநலத் தொலைபேசி உதவி. நாடு முழுக்க அது டெலி மானஸ், ஓர் ஆங்கில நீளப்பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து உருவாக்கியது. தமிழ்நாட்டில் அதற்கு ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயர் வைத்தார்கள். கடைச் சுவரில் அந்த எண்ணை ஒட்டியிருக்கிறேன், பெயரைப் படித்துவிட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கிறேன்.

ஆங்கிலத்தில் பைபோலார் என்பதற்கு இருமுனையா இருதுருவமா என்ற கிளைக் கேள்விக்கு அண்ணனையே கேட்டேன். ‘துருவம்னா யாருமே போகாத இடம்டா. முனைன்னா தெருமுனை, இந்தப் பக்கமும் போறேன், அந்தப் பக்கமும் போறேன், நடுவுல வீடு இருக்கு’ என்றார். எங்கள் வீட்டில் இனி இருமுனை என்றுதான் சொல்லப் போகிறோம். அண்ணிக்கும் அது சொல்ல வருகிறது, பக்கத்து வீட்டில் கேட்டாலும் ஏதோ தெருவைப் பற்றிப் பேசுவதாகத்தான் இருக்கும்.

எனக்கு விடை தெரியாமல் நிற்பது மனச்சிதைவு, ஆங்கிலத்தில் ஸ்கிசோஃப்ரினியா. தலைப்பக்கம் வெட்டினால் சிதைவு என்று நிற்கிறது, அதை எந்த அம்மாவிடமும் ‘உங்கள் மகனுக்கு’ என்று தொடங்கிச் சொல்ல முடியாது. ஜப்பானில் இதே போல மனம் பிளந்த நோய் என்ற பொருளில்தான் பெயர் இருந்தது. நோயாளிகளின் குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் மனநல மருத்துவர் சங்கமே 2002இல் அதை மாற்றி, ஒருங்கிணைப்பு தவறிய நிலை என்ற பொருளில் வேறு பெயர் வைத்தது. பிறகு கொரியாவிலும் மாற்றினார்கள், அங்கே தந்தி வாத்தியத்தின் நரம்பைச் சுருதி கூட்டுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து எடுத்தார்கள். நம்மிடம் சுருதி உண்டு, இசைவு உண்டு, இணக்கம் உண்டு. ‘இசைவின்மை’ என்று எழுதிப் பார்த்தேன், சம்மதம் இல்லை என்பது போல ஒலிக்கிறது. ‘சுருதி விலகல்’ நன்றாக இருக்கிறது, ஆனால் பாட்டுக் கச்சேரிக்கு வெளியே அது நிற்குமா என்று தெரியவில்லை. யாழ்ப்பாணத்து அக்கா, உங்கள் பக்கத்து உளநலப் பிரிவுகளில் நோயாளிகளின் வீட்டார் தங்களுக்குள் இதை எப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள்? அச்சில் இருப்பது வேண்டாம், வாயில் இருப்பதை எழுதுங்கள். சிதைவு என்ற சொல் இல்லாமல் அந்தப் பக்கத்தை அச்சுக்கு அனுப்ப வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து