அலர்ஜி சிகிச்சையில் பல துறையினர் சேர்ந்து பார்த்த அனுபவம் உண்டா?

ஒரு அம்மா:
மகளுக்கு எக்ஸிமா, அதாவது தோல் வறண்டு அரிக்கும் நோய். ரத்தப் பரிசோதனையில் பால், முட்டை, வேர்க்கடலை, கோதுமை, மீன் எல்லாமே பாசிட்டிவ் என்று வந்ததும் அத்தனையையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அரிப்பு குறையவில்லை. எடையும் ஏறவில்லை.

எடை ஏறாததை முதலில் பிடித்தவர் டயட்டீஷியன்தான். குழந்தை முன்பு என்னென்ன சாப்பிட்டாள், சாப்பிட்டபின் என்ன ஆனது என்று உட்கார வைத்துக் கேட்டார். கோதுமையும் மீனும் பல தடவை சாப்பிட்டு ஒன்றுமே ஆகவில்லை என்பது அப்போதுதான் வெளியே வந்தது. உடனே அவரே அலர்ஜி டாக்டரிடம் பேசினார். பரிசோதனை பாசிட்டிவ் என்பதால் மட்டும் அந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்று முடிவு கட்டக் கூடாது என்று டாக்டர் விளக்கினார். பிறகு மருத்துவமனையிலேயே வைத்து, துளியில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். நர்ஸ் பக்கத்தை விட்டு நகரவில்லை. தோல், மூச்சு, நாடித்துடிப்பு என்று பார்த்துக்கொண்டே இருந்தார். கோதுமையும் மீனும் திரும்பக் கிடைத்தன. வேர்க்கடலைக்கு உண்மையிலேயே அலர்ஜி, அதை இன்றும் கொடுப்பதில்லை.

எக்ஸிமாவைத் தோல் டாக்டர் தனியாகக் கவனித்தார். களிம்பை எவ்வளவு எடுக்க வேண்டும் என்று நர்ஸ் தன் விரலில் பிதுக்கிக் காட்டிய பிறகுதான் அது வேலை செய்யவே ஆரம்பித்தது.

நாங்கள் எதிர்பார்க்காதது ஒன்று: அனுமதி கிடைத்த பிறகும் அவள் சாப்பிட வாயைத் திறக்கவில்லை. "தொடாதே" என்று கேட்டே வளர்ந்த குழந்தை அல்லவா? அந்தப் பயத்தை மெல்லக் கரைத்தவர் உளவியலாளர். இந்தப் பகுதியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டும்.

கடைசியில் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே ஒரு தாள் எங்கள் கைக்கு வந்தது. மூச்சுத் திணறினாலோ மயங்கினாலோ முதலில் அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்கத்தில். எழுந்து நடக்க விடக்கூடாது. ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். பள்ளி ஆசிரியரிடம் இருப்பதும் அதே தாள்தான்.

ஒரு மருந்தாளர்:
டயட்டீஷியன் செய்ததைப் படித்து மனம் நிறைந்தது. எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று. கடுமையான பால் அலர்ஜி உள்ள ஒருவருக்கு ஆஸ்துமாவுக்காகப் பவுடர் இன்ஹேலர் எழுதப்பட்டிருந்தது. சில பவுடர் இன்ஹேலர்களில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை உண்டு. அதில் பால் புரதம் இம்மியளவு ஒட்டியிருக்கலாம். டாக்டருக்குப் போன் செய்தேன், அவர் உடனே வேறு வகைக்கு மாற்றினார். உங்கள் அலர்ஜியை மருந்துக் கடையிலும் சொல்லி வையுங்கள், சாப்பாட்டு அலர்ஜியாக இருந்தாலும் சரி.

இன்னொருவர்:
எனக்குச் சிறுவயதிலிருந்து "பென்சிலின் அலர்ஜி" என்று பதிவு. அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து டாக்டர் அதை அப்படியே விடாமல் அலர்ஜி பிரிவுக்கு அனுப்பினார். சோதித்தார்கள், அலர்ஜியே இல்லை. இப்படிப் பதிவு உள்ளவர்களில் 10-ல் 9 பேருக்கு மேல் பென்சிலினைத் தாங்கிக்கொள்வார்களாம். ஆனால் குடும்ப டாக்டரின் பதிவேட்டில் பழைய குறிப்பு அப்படியே கிடந்தது. அலர்ஜி பிரிவு நர்ஸ் அவருக்கு ஒரு கடிதம் அனுப்பிய பிறகே அது நீங்கியது. நீங்களும் அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கி, ஒரு பிரதியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.