புதுப்பிப்பு: கேம் ஆஃப் த்ரோன்ஸ் முடிவு பற்றி முன்பு எழுதியது

இந்தத் தொலைக்காட்சித் தொடரின் கடைசி சீசனான எட்டாவது சீசன் மொத்தமும் வீண் என்று இந்த இழையில் எழுதியிருந்தேன். "திரும்ப ஒருமுறை முழுசாகப் பாருங்கள்" என்று பலர் சொன்னீர்கள். பார்த்துவிட்டேன். என் கருத்தில் பாதி மாறியிருக்கிறது.

அரியணைக்காகப் போராடும் டிராகன் ராணி டெனேரிஸ் கடைசியில் தலைநகரத்தை எரிப்பது திடீரென்று வந்ததல்ல. மீரீன் நகரில் அடிமைகளை வைத்திருந்த 163 எஜமானர்களை அவள் சிலுவையில் அறைந்தபோது நான் கைதட்டினேனே! அறிகுறிகள் அங்கேயே இருந்தன. ஆனால் முதல் ஆறு சீசன்களுக்குத் தலா பத்து எபிசோட் கொடுத்தவர்கள், கடைசிக்கு ஆறுதான் கொடுத்தார்கள். மணி ஒலித்து நகரம் சரணடைந்த பிறகு அவள் மனம் உடையும் இடத்துக்கு இன்னும் இரண்டு எபிசோடாவது வேண்டும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஸ்டார்க் குடும்பத்துப் பையன் பிரான் கடைசியில் அரசனானதையும் ஏற்க முடியவில்லை.

அப்புறம், முதல்முறை கவனிக்காமல் விட்ட ஒரு காட்சி. அரசனின் மெய்க்காவல் வீரர்களின் செயல்களை எழுதிவைக்கும் புத்தகத்தில், அந்த வீரர்களில் ஒருவனான ஜெய்மியின் பக்கம் காலியாகக் கிடக்கிறதே என்று நான்காவது சீசனில் இளம் அரசன் ஜாஃப்ரி கேலி செய்வான், நினைவிருக்கிறதா? கடைசி எபிசோடில், ஜெய்மி இறந்த பிறகு, அவனை நேசித்த வீராங்கனை பிரியென் அதே பக்கத்தை வரிவரியாக நிரப்புகிறாள். கடைசி வரிக்கு முன் பேனாவை நிறுத்தி ஒரு கணம் தயங்குகிறாள். அங்கே அழுதுவிட்டேன். அந்தக் காட்சியை எழுதியவர்களை இனி மொத்தமாகத் திட்ட என்னால் முடியாது.