உப்புநீர்த் தொட்டியில் பாக்காவ் செடி மஞ்சளாகி இலை கொட்டுகிறது, காப்பாற்ற முடியுமா?

கிரியான்கரை (நிபோங் திபால்):

வணக்கம். வீட்டுல மூணடி உப்புநீர்த் தொட்டி இருக்கு. கோமாளி மீன் ஒரு ஜோடி, கொஞ்சம் பவளம், பின்பக்கம் மூடி இல்லாத சம்ப் (தண்ணியைச் சுத்தம் பண்ற துணைத் தொட்டி). அந்த சம்ப்ல பொடிமணல் போட்டு அஞ்சு பாக்காவ் கன்னு நட்டிருக்கேன். அலையாத்தின்னு புத்தகத்துல படிச்சாலும் இந்தப் பக்கம் நமக்கு அது பாக்காவ்தான். அப்பா தோட்டத்து வேலை முடிஞ்சதும் கிரியான் ஆத்து முகத்துவாரத்துக்கு நண்டு பிடிக்கப் போவாரு, அந்த வேருங்களுக்கு நடுவுலதான் நான் வளர்ந்தேன். என் பிள்ளைங்களும் அதைக் கிட்டத்துல பாக்கணும்னு ஆசைப்பட்டு வாங்கினது.

கன்னுங்க கடையில கறுப்புப் பையில, சேத்து மண்ணோட இருந்துச்சு. மண்ணை நல்லா அலசிட்டு நடச் சொன்னாங்க, அப்படியேதான் நட்டோம். உப்பளவு ஆயிரத்துக்கு 35, தண்ணி சூடு 28 பாகை. முதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. இப்போ இலை நரம்புக்கு நடுவுல மஞ்சள் ஏறி, ஓரம் காய்ஞ்சு, தொட்டாலே விழுது. ஒண்ணு மொட்டையாவே நிக்குது. இலை மேல வெள்ளையா பொருக்கு வேற. தண்ணியும் தேத்தண்ணி நிறத்துக்கு மாறுது. பிடுங்கி வேற மண்ணுல நடலாமா? நல்ல தண்ணிக்கு மாத்தலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கிள்ளான் மீன்தொட்டி:

பிடுங்காதீங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம், முதல்ல அதை மட்டும் செஞ்சிடாதீங்க. மணல்ல புதுசா ஓடுற வேர் நூல் மாதிரி இருக்கும். இழுத்தா அத்தனையும் அறுந்துடும், மிச்சம் இருக்கிற இலையும் கொட்டிடும்.

நாலு விஷயம் பாத்துச் சொல்லுங்க. மஞ்சள் ஆகிறது கீழ இருக்கிற பழைய இலையா, நுனியில வர்ற புது இலையா? நுனியில கூரா, மூடின மொட்டு இருக்கா, அது எந்த நிறம்? கன்னோட அடியில இருக்கிற முளைக்குச்சியில தண்ணி எதுவரைக்கும் நிக்குது? ஸ்கிம்மர் (குமிழி விட்டு அழுக்கைப் பிரிக்கிற கருவி) பக்கத்துலயா இருக்கு?

தண்ணி நிறத்துக்குக் கவலை வேண்டாம். விழுந்த இலையில இருந்து இறங்குற சாயம் அது. இலையை அன்னன்னைக்கே எடுத்திடுங்க, மீன்தொட்டிக்கான கரித்தூள் பை (ஆக்டிவேட்டட் கார்பன்) ஒண்ணு போட்டா தெளிஞ்சிடும்.

செம்பனைப் பையன்:

அண்ணே, எங்க வீட்டுல தோட்டத்து உரம் மிச்சம் இருக்கு, என்.பி.கே. ஒரு பிடி மணல்ல புதைச்சிட்டு நுனியை வெட்டி விடுங்க, புதுசா துளிர்க்கும். எங்க செம்பருத்தி அப்படித்தான் பொழைச்சது.

கிள்ளான் மீன்தொட்டி:

தம்பி, உதவுற மனசு நல்லது, ஆனா ரெண்டும் கூடாது. அந்த உரத்துல அமோனியம் இருக்கும். கடல் தண்ணியோட பி.எச். 8.2 பக்கம் இருக்கிறதால அதுல ஒரு பங்கு நச்சான அமோனியாவா மாறும். விடியறதுக்குள்ள மீன் மிதக்கும்.

வெட்டுறது அதைவிட மோசம். செம்பருத்தி வெட்டின இடத்துல துளிர்க்கும். பாக்காவ் முத்தின கட்டையில துளிர்க்காது, அதுல தூங்குற மொட்டு கிடையாது. இலையோட இருக்கிற இளங்கன்னுல நுனியை மட்டும் கிள்ளினா கீழ் இலைக்கணுவுல கிளை வரும். மொட்டையா நிக்கிறதை வெட்டினா அதோட கதை முடிஞ்சுது.

கிரியான்கரை:

பாத்துட்டேன் அண்ணே. மஞ்சள் கீழ் இலையிலதான், நரம்பு மட்டும் பச்சையா நிக்குது. புது இலை சின்னதா வருது, ஆனா பச்சை. மொட்டு நாலு கன்னுல செவப்பா, இறுக்கமா இருக்கு. மொட்டைக் கன்னுல பழுப்பு, விரல் பட்டதும் உதிர்ந்துடுச்சு. தண்ணி குச்சியில முக்கால்வாசி வரைக்கும் நிக்குது. ஸ்கிம்மர் கைக்கெட்டுற தூரம்தான், குமிழி வெடிக்கிறப்போ இலையில தெறிக்குது.

ஓய்வுபெற்ற கண்டக்டர்:

தம்பி, நான் மீன் வளர்த்தவன் இல்லை, தோட்டத்தில் வேலையை மேற்பார்த்த கண்டக்டர். ஆனால் செம்பனை (எண்ணெய்ப் பனை) இலை என்னிடம் பேசும். கீழ்மட்டை மஞ்சளாகி, ஆரஞ்சு நிறத்துக்குப் போய், மேல்மட்டை பச்சையாகவே நின்றால் அது மக்னீசியக் குறை. செடி பழைய இலையிலிருந்து மக்னீசியத்தை உருவிப் புது இலைக்குக் கொடுக்கும். அதனால் பழையது முதலில் சாகும். இரும்புச் சத்துக் குறை இதற்கு நேர்மாறு. இரும்பு நகராது, அதனால் புது இலைதான் வெளுக்கும். எந்த இலை மஞ்சள் என்று பார்க்காமல் மருந்து போடுகிறவன் காசையும் செடியையும் சேர்த்துத் தொலைப்பான்.

தோட்டத்தில் இதற்குக் கீசரைட் போடுவோம். அதுவும் மருந்துக் கடை எப்சம் உப்பும் ஒரே மக்னீசியம் சல்பேட்தான். கீசரைட்டில் நீர் குறைவு, மெதுவாகக் கரையும். உங்களுக்கு உரத் தரத்துச் சரக்கு வேண்டாம், மருந்துக் கடைச் சரக்கே வாங்குங்கள். இன்னொன்று: மண்ணில் சத்து இருந்தும் வேர் கெட்டிருந்தால் மேலே ஏறாது. மண்ணை அலசியபோதே வேர் போயிருக்கும் என்பது என் கணிப்பு. வேர் திரும்பும் வரை இலை வழியாகக் கொடுங்கள்.

தைப்பிங் அக்கா:

கண்டக்டர் ஐயா சொன்னது ரொம்பச் சரி. கடல் தண்ணியிலேயே மக்னீசியம் 1,280 பி.பி.எம். (பத்து லட்சத்துல 1,280 பங்கு) அளவுக்கு இருக்கு, அதனால அஞ்சு கன்னு குடிச்சு உங்க தொட்டி வத்திடாது. ஆனாலும் ஒருவாட்டி சோதிச்சிடுங்க தம்பி. சில உப்புத்தூள் கலவையில அளவே குறைவா இருக்கும்.

எனக்கு அந்தக் கடைப் பை மேலதான் சந்தேகம். நாத்தங்கால்ல நல்ல தண்ணியோ லேசான உப்புத் தண்ணியோதான் ஊத்துவாங்க. பாக்காவ் நல்ல தண்ணியிலயும் வாழும், முழு கடல் தண்ணியிலயும் வாழும். ஆனா ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு ஒரே நாள்ல தூக்கிப் போட்டா தாங்காது. வாரத்துக்கு நாலஞ்சு புள்ளி வீதம் ஏத்தணும். உங்க கன்னுங்க அந்த அடியை வாங்கிட்டு நாலு நிக்குது, இனி நல்ல தண்ணிக்குத் திருப்ப வேண்டாம். ஆவியாகிற அளவுக்கு ஆர்.ஓ. தண்ணி ஊத்தி 35ஐ ஆடாம வச்சிருங்க.

வெள்ளைப் பொருக்கு உள்ளயிருந்து வர்றது இல்லை. அப்பி-அப்பி மரம்தான் (அது வேற வகை அலையாத்தி) இலை வழியா உப்பைத் துப்பும். பாக்காவ் பெரும்பங்கு உப்பை வேர் வாசல்லயே தடுத்துடும். உங்களுது ஸ்கிம்மர் தெறிப்பு. ஒரு அட்டையை நடுவுல நிறுத்தி வையுங்க. தினம் காலையில நல்ல தண்ணியைப் பூத்தூவலா அடிச்சு, இலையை அடிப்பக்கமும் மெதுவா துடைங்க. ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பு, அதை வாரம் ஒருதரம் விளக்கு அணைஞ்ச பிறகு தெளிச்சு, மறுநாள் கழுவிடுங்க. சொட்டு தொட்டியில விழுந்தா பயம் இல்லை. மக்னீசியமும் சல்பேட்டும் கடல்ல ஏற்கெனவே இருக்கிறதுதான்.

அடுத்தது தண்ணி மட்டம். குச்சியைக் கிட்டத்துல பாருங்க, பழுப்பா சின்னச் சின்னப் புள்ளி தெரியும். அதுதான் மூச்சுத் துளை. மணலுக்குள்ள காத்து இல்லை, வேருக்கு மேல இருந்துதான் காத்து இறங்கணும். முக்கால்வாசி முங்கினா எங்க இருந்து மூச்சு விடும்? மட்டத்தைப் பாதிக்குக் கீழ இறக்குங்க. பாசி படிஞ்ச இடத்தைப் பழைய பல்துலக்கியால தேய்ச்சு விடுங்க.

மொட்டைக் கன்னை நகத்தால லேசா சுரண்டிப் பாருங்க. தோலுக்கு அடியில பச்சை இருந்தாலும் நுனி மொட்டு போயிட்டதால நம்பிக்கை ரொம்பக் குறைவு. குச்சி மெதுமெதுன்னு அமுங்கினா எடுத்திடுங்க, அழுகி தண்ணியைக் கெடுக்கும்.

கிரியான்கரை:

அக்கா, ஐயா, அண்ணே, எல்லாருக்கும் நன்றி. மக்னீசியம் 1,150தான் காட்டுச்சு, உப்புத்தூள் மாத்தி, தண்ணி மாத்தி மெதுவா ஏத்திட்டு வர்றேன். மொட்டைக் குச்சி அமுங்கிடுச்சு, எடுத்தாச்சு. மத்த நாலுல ஒண்ணு தயங்குது. மூணுல செவப்பு உறை பிளந்து, மடிச்சு வச்ச ஜோடி இலை வெளிய வந்திருக்கு, பளபளன்னு. பழைய மஞ்சள் இலை பச்சைக்குத் திரும்பலை, ஆனா கொட்டுறது நின்னுடுச்சு.

போன கன்னுக்குப் பதிலா ஆத்தோரத்துல விழுந்து கிடக்கிற பாக்காவ் முளைக்குச்சியை (மரத்துலயே முளைச்சு விழுறது) எடுத்துட்டு வரலாமா?

தைப்பிங் அக்கா:

பழைய இலை திரும்பாது தம்பி, அதைப் பாத்து மனசு விட வேண்டாம். புது இலையை மட்டும் பாருங்க.

குச்சி எடுக்கிறதைப் பத்தி: காடு நிரந்தர வனக் காப்பகமா இருந்தா 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி உரிமம் இல்லாம எதையும் எடுக்கக் கூடாது, கீழ விழுந்ததா இருந்தாலும் சரி. எங்க பக்கத்து மாத்தாங் காடு நூறு வருஷத்துக்கு மேலா காப்பகம். உங்க பக்கம் பினாங்கு கரையோர மீனவர் நலச் சங்கத்தார் பாக்காவ் நட்டுக்கிட்டு வர்றாங்க, உங்க ஊர்லயே அவங்க கல்வி மையம் இருக்கு. அங்க போய்க் கேளுங்க, பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போங்க. தொட்டியில காட்டுறதை அங்க காட்டுக்குள்ளயே காட்டலாம்.

கிள்ளான் மீன்தொட்டி:

குச்சி கிடைச்சா நேரா சம்ப்ல வைக்காதீங்க. ஒரு வாளியில பாதி உப்புத் தண்ணி, அடிப்பக்கம் நாலு விரல்கடை மட்டும் முங்கற மாதிரி நிறுத்தி, வேர் ஒரு அங்குலம் வந்த பிறகு உப்பை ஏத்துங்க. அலசற வேலையும் இல்லை, வேரும் அறுபடாது. விளக்கை மட்டும் நுனிக்கு ஒரு சாண் மேல தூக்கி வையுங்க. நீங்க போட்ட படத்துல பாத்தா இப்போ ரொம்ப ஒட்டி நிக்குது, புது இலை கருகிடும்.