கென்யா போகிறேன், மனசுக்கு என்ன எடுத்துக்கொண்டு போவது?

ஏலக்காய்ச்செடி:

எனக்கு 26 வயது. ஊர் கூடலூர் (நீலகிரி இல்லை, கம்பம் பக்கத்துக் கூடலூர்). பிசியோதெரபி படித்துவிட்டு குமுளியில் ஒரு கிளினிக்கில் வேலை. தினமும் லோயர்கேம்ப் மலைப்பாதையில் பஸ்ஸில் ஏறி இறங்குகிற ஆள். வரும் ஜனவரியில் பத்து மாதம் தன்னார்வலராக கென்யா போகிறேன். கிசுமு பக்கம், விக்டோரியா ஏரிக்கரை, மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் மையம்.

தடுப்பூசி, விசா, பெட்டி எடை எல்லாவற்றுக்கும் பட்டியல் கொடுத்துவிட்டார்கள். மனசைப் பற்றி ஒரு வரி இல்லை. மதுரை ஹாஸ்டலில் மூன்றாம் வருடம் படிக்கும்போது எனக்கு நெஞ்சு படபடத்து மூச்சு முட்டும். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன், இப்போது இல்லை. இதைச் சொன்னால் கழற்றிவிடுவார்களா? அங்கே போய் மறுபடி வந்தால்? அம்மாவிடம் கேட்டால், "புண்ணியத்துக்குப் போறவளுக்கு என்னடி வரப்போகுது" என்கிறார். போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

லயத்துப்பொண்ணு:

தங்கச்சி, நான் வண்டிப்பெரியார், எஸ்டேட் லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில் வளர்ந்தவள். 2022 செப்டம்பரிலிருந்து 14 மாதம் ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில், தியோலோ பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தேன்.

தியோலோவும் தேயிலை ஊர்தான். முதல் நாள் வேனிலிருந்து பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. கடல் தாண்டி வந்தும் அதே கொழுந்து, அதே சரிவு. ஜூனில் சிப்பெரோனி என்று ஒரு குளிர் சாரல் வேறு, நம் ஊர் மாதிரியே நாள்கணக்கில் பிடித்துக்கொள்ளும். இப்படி இருந்தால் வீட்டு ஏக்கம் வராது என்று நினைத்தேன். நேர்மாறு. கண் முன்னால் ஊர் இருக்கும், அம்மா மட்டும் இருக்கமாட்டார். பள்ளியில் நான் 'மேடம்'. தெருவில் பிள்ளைகளுக்கு 'ம்வென்யே', இந்தியர் என்று அர்த்தம். என் பெயரைக் கேட்க வேண்டுமென்றால் அம்மா போனில் கூப்பிட வேண்டும். அங்கே ராத்திரி ஏழு என்றால் இங்கே பத்தரை, கொழுந்துக்குப் போகிறவர் தூங்கியிருப்பார். அதனால் அங்கே நாலரைக்கு, இங்கே எட்டுக்கு என்று வைத்தோம். பேச்சு முழுக்க "சாப்பிட்டியா, சாப்பிட்டேன்"தான்.

மற்றதைப் பேச வேறு ஆள் வேண்டும். எனக்கு அது கூடப் படித்த ஒருத்தி, நெடுங்கண்டத்துக்காரி. ஞாயிற்றுக்கிழமை அவளிடம் "நல்லா இருக்கேன்" என்று சொல்லக்கூடாது, அதுதான் ஒப்பந்தம். எரிச்சல், பொறாமை, கூட வேலை செய்பவர்கள் மேல் கோபம், வெளியே சொன்னால் அசிங்கமான எல்லாவற்றையும் அவளிடம் கொட்டுவேன். போகும் முன் அப்படி ஒருத்தரைப் பேசி வைத்துக்கொள். அங்கே போய்த் தேட முடியாது.

2023 மார்ச்சில் ஃபிரெடி புயல். அதற்கு முன்பே காலரா, அந்த ஒரு பரவலில் நாடு முழுக்க 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள். புயல் மழையில் மலை மண் இறங்கி வீடுகளை மூடியது, எங்கள் பள்ளி முகாம் ஆனது. நான் கரும்பலகையில் எழுதிய பின்னக் கணக்கு அழியாமல் அப்படியே இருக்கும், அதற்குக் கீழே பாய் போட்டு ஒரு பாட்டி படுத்திருப்பார். மக்காச்சோள மாவை அளந்து கொடுப்பது என் வேலை. ஒரு நாள் வரிசை முடியுமுன் மாவு முடிந்துவிட்டது. அன்று இரவு தட்டில் இருந்த ந்சிமா, அவர்கள் சாப்பிடும் சோளக்களி, தொண்டையில் இறங்கவில்லை. 2020 ஆகஸ்டில் மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மண் இறங்கி 70 பேர் போனார்களே, எங்கள் ஆட்கள், அதுவே கண்ணில் வந்துகொண்டிருந்தது. தூக்கம் போனது. 'அவங்க வீடே போயிருக்கு, உனக்கென்ன கேடு' என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை, பள்ளியில் சமைக்கும் அம்மா. சாயங்காலம் அடுப்படிக்குக் கூப்பிட்டு ஒரு முறம் பீன்ஸை மடியில் வைப்பார், கல் பொறுக்க. அவர் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது. "பங்கோனோ பங்கோனோ" மட்டும் புரியும், கொஞ்சம் கொஞ்சமாக என்று அர்த்தம். அரை மணி நேரத்தில் கை நடுக்கம் நிற்கும். தியானம், மூச்சுப்பயிற்சி எல்லாம் எனக்கு ஒத்துவரவில்லை. கல் பொறுக்குவது வந்தது. மாதம் ஒரு தடவை லிம்பே டவுனுக்குப் போய் குஜராத்திக் கடையில் துவரம்பருப்பு வாங்கி ரசம் வைத்ததும் உதவியது, சிரிக்காதே.

ஐந்து வாரம் கழித்துத்தான் அமைப்பிடம் சொன்னேன். பொறுப்பாளர் "நீ ரொம்ப மென்மையான ஆள்" என்றார். பெயர் வேண்டாம். அடம் பிடித்துப் பத்து நாள் விடுப்பு வாங்கினேன். அதனால் இப்போதே கேள்: மேலதிகாரி அல்லாத ஒருவரிடம் பேச வழி உண்டா? இன்சூரன்ஸில் மனநல ஆலோசனை வருமா? பாதியில் திரும்பினால் டிக்கெட் யார் போடுவது? பதிலை எழுத்தில் வாங்கு.

இரவுப்பணி:

மனநல வார்டில் 11 வருடமாக நர்ஸ். மாத்திரை விஷயம் மட்டும் சொல்கிறேன், மற்றதெல்லாம் மேலே அக்கா சொன்னதுதான். கிசுமு பக்கம் மலேரியா உண்டு, தடுப்பு மாத்திரை எழுதுவார்கள். மெஃப்ளோகுவின் என்று வாரம் ஒருமுறை போடுவது ஒன்று இருக்கிறது. அதனால் பதற்றம், பயங்கரக் கனவு, தூக்கமின்மை, மனச்சோர்வு வரலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2013ல் அதற்குக் கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டது. முன்பு பதற்றத்துக்கு மருந்து சாப்பிட்டவர்களுக்கு அது ஆகாது. டாக்ஸிசைக்ளின், அடோவகுவோன்-புரோகுவானில் என்று வேறு உண்டு, தினமும் போடவேண்டும். எது என்று டாக்டர்தான் சொல்லவேண்டும். நீங்கள் மறைத்தால் அவருக்கு எப்படித் தெரியும்?

மதுரையில் பார்த்த டாக்டரையும் ஒரு தடவை பாருங்கள். மறுபடி வந்தால் என்ன செய்வது என்று சீட்டு எழுதி வாங்குங்கள். இங்கே இருக்கும்வரை டெலி மானஸ் 14416 இருக்கிறது, அரசு மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம்.

புளியரைக்காரன்:

எனக்கு அடி விழுந்தது திரும்பி வந்த பிறகு. 2015 நிலநடுக்கத்துக்கு அப்புறம் நேபாளத்தில் ஐந்து மாதம் கல் சுமந்தேன். ஊர் வந்து சேர்ந்த அந்த வாரமே ஒரு கல்யாணம், இலையில் மிச்சம் வைத்தவர்களையெல்லாம் அடிக்கலாம் போல இருந்தது. எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி, "எவரெஸ்ட் பார்த்தியா?" வந்த மறுநாளே வேலைக்குப் போய்விடாதே தங்கச்சி.

ஏலக்காய்ச்செடி:

எல்லோருக்கும் நன்றி. அமைப்புக்கு மெயில் போட்டேன். டிக்கெட் அவர்கள் பொறுப்பாம், ஆலோசனை பற்றி 'பார்த்துச் சொல்கிறோம்'. டாக்டரிடம் வெள்ளிக்கிழமை டோக்கன். லயத்து அக்கா, ஒரு சந்தேகம், அந்த நெடுங்கண்டத்து அக்கா ஞாயிற்றுக்கிழமை போனை எடுக்கவில்லை என்றால்?

லயத்துப்பொண்ணு:

இரண்டு தடவை எடுக்கவில்லை. ஒரு தடவை அவளுக்குப் பிரசவம். அன்றைக்கு நோட்டில் ஐந்து பக்கம் எழுதி போட்டோ எடுத்து அனுப்பினேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது: "கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு, மூணாம் பக்கத்தை மறுபடி எழுதி அனுப்பு." வெள்ளிக்கிழமை டாக்டர் என்ன சொன்னார் என்று இங்கே எழுது.